வந்து வந்து போகும் கரண்ட்: ஒரு லூஸ் கான்டாக்டைத் தேடிய கதை

இன்னைக்குப் பேசப்போறது ஒரு பைக் கோளாறு பற்றி. வண்டி ஒரேயடியா நின்னுபோற கோளாறு இல்லை. வரும், ரெண்டு செகண்ட் இருக்கும், போயிடும். மெக்கானிக்கிட்ட கொண்டுபோனா வரவே வராது. "நல்லாத்தானே ஓடுது?"ன்னு அவர் சொல்வார். நாம அசடு வழிஞ்சுக்கிட்டு திரும்பி வருவோம். உங்களில் பல பேருக்கு இது நடந்திருக்கும். எனக்கு நடந்தது காரைக்காலில்.

மார்கழி மாசம், இரவு பத்து மணி இருக்கும். நாகூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டு அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு திரும்பி வருகிறேன். வாஞ்சூர் தாண்டி தேசிய நெடுஞ்சாலை 32. துறைமுகத்துக்கு வந்துபோகும் நிலக்கரி லாரிகள் ஓடும் ரோடு அது. திடீரென்று ஹெட்லைட், மீட்டர், இன்ஜின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துவிட்டது. பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை என்பது லாரி ஹாரன் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. கிளட்சைப் பிடித்து, போன வேகத்திலேயே வண்டியை மண்ணில் இறக்கினேன். லாரி கடந்து போனது. சாவியில் கை வைப்பதற்குள் எல்லா விளக்கும் தானாகத் திரும்பி வந்துவிட்டது.

அம்மா வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் இறங்கி, "இனிமே நான் பஸ்ஸுல போய்க்கிறேன் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் நான் பண்ணது எல்லாரும் பண்றதுதான். பேட்டரியை மாற்றினேன். ஸ்பார்க் பிளக் மாற்றினேன். யாரோ சொன்னாங்கன்னு ரெக்டிஃபையரையும் மாற்றினேன். நாலாயிரம் ரூபாய்க்கு மேல் போனது. ஒரு வாரம் வண்டி நன்றாக ஓடியது, "ஆஹா, சரியாயிடுச்சு"ன்னு நினைத்தேன். எட்டாம் நாள் மறுபடியும் அணைந்தது. வந்து போகும் கோளாறு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். நாம எதை மாற்றினாலும் அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அது வராது. மாற்றின பொருளால்தான் சரியாச்சுன்னு நம்பிடுவோம்.

கடைசியில் பழைய ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் வண்டியைத் தொடவே இல்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "அணையும்போது எதெதெல்லாம் சேர்ந்து அணையுது?"

இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிஞ்சுடும். இன்ஜின் மட்டும் நின்று விளக்கு எரிந்தால், தேட வேண்டிய இடம் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், இக்னிஷன் காயில் பக்கம். இண்டிகேட்டர் மட்டும் போனால் அதோட லைன். என் வண்டியில் எல்லாமே ஒன்றாகப் போனது. அப்படின்னா எல்லாவற்றுக்கும் பொதுவான பாதையில்தான் கோளாறு: பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், எர்த் வயர். தெருவில் ஒரு வீட்டில் கரண்ட் போனால் அந்த வீட்டு ஃபியூஸைப் பார்ப்போம். தெருவே இருண்டால் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்போம், இல்லையா? அதே கணக்கு. பிளக்கை நான் மாற்றியிருக்கவே தேவையில்லை.

ரெண்டாவதா, ஒரு நோட்டு போடச் சொன்னார். எப்போ அணைஞ்சது, எந்த ரோடு, மழையா வெயிலா, கிளம்பி எவ்வளவு நேரம் கழிச்சு, ஹேண்டில் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மூணு வாரத்தில் ஒன்பது தடவை எழுதினேன். எட்டு தடவை இரவு. ஒரே ஒரு தடவை பகல் மூணு மணி, நல்ல மழை. எல்லாமே கிளம்பிக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு.

எனக்கு உடனே விடை தெரிஞ்சுபோச்சு. பனி! ஈரம்! நம்ம ஊர் உப்புக் காற்றுதான் எல்லாரும் அறிஞ்சதாச்சே. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை அது எவ்வளவு பாடுபடுத்தியது! காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், இந்த அரிப்பை ஆராய்வதற்கென்றே மண்டபத்தில் கடலோரமா உலோகத் துண்டுகளை வெயிலிலும் காற்றிலும் வைத்துப் பார்த்திருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். ராத்திரி நேரத்துக் காரைக்காலுக்கு 75 எல்லாம் ரொம்ப சாதாரணம். கதை கச்சிதமா பொருந்துது.

அவர் சொன்னார், "சரி, அப்ப ஈரமாக்கி அணைச்சுக் காட்டு." பகலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணி, இஸ்திரிக்குத் தெளிக்கிற பாட்டிலை வைத்து ஃபியூஸ் பெட்டி, சாவி சுவிட்ச், கப்ளர் எல்லாவற்றிலும் தண்ணீர் தெளித்தேன். இருபது நிமிஷம். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் அவர் கேட்டார்: "ராத்திரியிலயும் மழையிலயும் மட்டும் நீ என்ன தம்பி பண்ற?"

யோசித்தேன். நான் பண்ற ஒரே விஷயம், ஹேண்டிலுக்குக் கீழே நானே மாட்டியிருந்த எக்ஸ்ட்ரா லைட் ரெண்டையும் போடுறது. ஒவ்வொன்றும் 10 வாட். யூடியூப் பார்த்து, சாவி சுவிட்சிலிருந்து வரும் வயரைச் சுரண்டி அதிலேயே முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். என் நோட்டில் எல்லாம் இருந்தது, அந்த லைட்டைத் தவிர. நான் மாட்டினதுங்கிறதால அதைச் சந்தேகப்படணும்னே எனக்குத் தோணலை.

இப்ப மல்டிமீட்டர். நாம வழக்கமா பண்றது என்ன? வயரோட ரெண்டு முனையில் வைத்து "பீப்" சத்தம் வருதான்னு பார்ப்போம். வந்தா வயர் நல்லா இருக்குன்னு விட்டுடுவோம். அது போதாது. மீட்டர் அந்த சோதனைக்கு அனுப்புவது ரொம்பச் சின்ன கரண்ட். பத்துப் பதினைஞ்சு இழை இருக்கும் வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் பீப் கேட்கும். ஆனால் ஹெட்லைட்டைத் தூக்க அந்த ஒரு இழையால் முடியாது. ஒத்தையடிப் பாதையில் ஆள் நடந்து போகலாம், லாரி போகுமா?

அதனால் லோடு கொடுத்துத்தான் அளக்கணும். என் வண்டியில் ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே கிடையாது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் டூவீலர்களுக்கு ஹெட்லைட் எப்போதும் எரிஞ்சாகணும். கூடவே எக்ஸ்ட்ரா லைட்டையும் போட்டோம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து முதலில் பேட்டரி: நிற்கும்போது 12.6, ஆக்சிலேட்டர் கொடுத்தால் 14.2. அதாவது பேட்டரியும் சார்ஜிங்கும் சரி. அடுத்து, பேட்டரியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இணைப்பிலும் இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை வைத்து, நடுவில் எவ்வளவு வோல்ட் காணாமல் போகுதுன்னு பார்த்தோம். நல்ல இணைப்பில் அநேகமாக ஒன்றும் காணாமல் போகாது. பேட்டரி மைனஸுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 0.05. ஃபியூஸில் 0.04. ஹெட்லைட் டூமுக்குள் இருந்த சாவி சுவிட்ச் கப்ளரில் 1.8 வோல்ட்.

அந்த வழியாகப் போனது சுமார் 6 ஆம்பியர். 1.8-ஐ 6-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 11 வாட். ஒரு சின்ன சோல்டரிங் அயர்ன் அளவு வெப்பம், தீக்குச்சி முனை அளவு இடத்தில். கால் மணி நேரம் ஓடினதும் பின் சூடாகி இளகும். அந்த நேரம் ஹேண்டிலை இடப்பக்கம் ஒடித்தாலோ வேகத்தடையில் ஏறினாலோ தொடர்பு விட்டுப்போகும். நிறுத்தினதும் ஆறி மறுபடி ஒட்டிக்கொள்ளும். கடை வாசலிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பினார். எல்லாம் அணைந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

கப்ளரைப் பிரித்தால், புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட பித்தளைச் சொம்பு மாதிரி பச்சைக் களிம்பு. ஒரு பின் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக உருகியிருந்தது. ஆக, உப்பும் குற்றவாளிதான். வருஷக்கணக்கா அந்தப் பின்னைப் பலவீனமாக்கியது அது. அதன் தலையில் கூடுதல் சுமையை ஏற்றி வைத்தது நான்.

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போனேன். தடுத்தார். பின் மேல் மெல்லிசா ஒரு வெள்ளீயப் பூச்சு இருக்கும். தேய்த்தால் அதுவும் போயிடும், அடுத்த மழைக்குள் இன்னும் வேகமாகக் களிம்பு பிடிக்கும். பழைய கப்ளரை வெட்டி எறிந்து, புதுசு வைத்து கிரிம்ப் பண்ணி, எலெக்ட்ரிகல் கிரீஸ் தடவி மூடினார். எக்ஸ்ட்ரா லைட்டுக்கு பேட்டரியிலிருந்தே தனி வயர், தனி ஃபியூஸ், ஒரு ரிலே. சாவி லைன் இப்போது அந்த ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் செய்யும். மறுபடி அளந்தோம்: 0.06 வோல்ட். கப்ளருக்கு ஆன செலவு அறுபது ரூபாய். ரிலே, கூலி எல்லாம் சேர்த்தும் ஐந்நூறைத் தாண்டவில்லை.

உங்ககிட்ட இருப்பது 2020-க்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா, மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியும், ஸ்கேனர் கோளாறு கோடும் காட்டும். அந்தக் கோடு எந்த சர்க்யூட்டுன்னு சொல்லும். எந்தப் பின்னுன்னு சொல்லாது. அதை நீங்கதான் அளந்து கண்டுபிடிக்கணும்.

இன்னொன்று. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு சிகரெட் பேப்பரைச் சுற்றி வைக்காதீங்க, பெரிய ஆம்பியர் ஃபியூஸும் போடாதீங்க. அப்புறம் ஃபியூஸுக்குப் பதிலா வயரிங் எரியும். ரோட்டில் வண்டி அணைந்தால் அங்கேயே நின்று ஆராயாதீங்க. முதலில் ரோட்டை விட்டு இறங்குங்க, போன் டார்ச்சைப் பின்பக்கம் காட்டுங்க. கோளாறை அப்புறம் தேடிக்கலாம்.

வண்டி சரியானதை அம்மாகிட்ட சொன்னேன். "எப்படித் தெரியும்?"னு கேட்டார். நியாயமான கேள்வி. போன தடவையும் சரியாயிடுச்சுன்னுதானே சொன்னேன். இந்தத் தடவை எங்கே அணைந்தது, ஏன் அணைந்தது, அணைத்தும் காட்டினோம், அதுக்கப்புறம்தான் சரி பண்ணோம்னு விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ரெண்டு மாசம் பஸ்ஸில்தான் போனார். மாசி கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், "நாகூர் வரைக்கும் கொண்டுபோய் விடுறியா"ன்னு கேட்டார். போற வழியெல்லாம் மீட்டர் விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அணையவில்லை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.