மரத்துப்போன செல்லா, பழகிய செல்லா?



தலைமையுரை நீண்டால் முதல் அமர்வின் நேரம்தான் குறையும். ஆகவே ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டு அமர்கிறேன். நம் கருத்தரங்கின் பொருள் ‘உள்நச்சுச் சகிப்பு’. சகிப்பு என்றால் பொறுத்துக்கொண்டு சும்மா இருப்பது என்றே காதில் விழுகிறது. செல் உண்மையில் சும்மா இருக்கிறதா?

மாணவனாக இருந்தபோது இந்தச் சகிப்பைக் காட்டும் சோதனையை முதன்முறை செய்து ஏமாந்தவன் நான். ரத்தத்திலிருந்து பிரித்த மோனோசைட்டுகளுக்கு ஈ.கோலை பாக்டீரியாவின் உள்நச்சைத் துளியளவு கொடுத்து, ஒரு நாள் கழித்துக் கழுவி, மறுபடியும் கொடுத்தேன். அழற்சியைக் கிளப்பும் டி.என்.எஃப். புரதம் எவ்வளவு சுரந்தது என்று எலிசா தட்டில் பார்த்தால், ஒரு முறை மட்டும் நச்சு கண்ட செல்களின் குழிகள் அடர்மஞ்சள். இரண்டு முறை கண்டவற்றின் குழிகளோ வெளிறிக் கிடந்தன. செல்கள் செத்துவிட்டன என்று முடிவுகட்டி, டிரைபான் நீலம் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒன்றும் சாகவில்லை.

இந்த வியப்பு பழையது. 1947இல் பால் பீசன் இதை முயல்களில் காட்டினார். டைபாய்டு தடுப்பூசி மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, முயல்களுக்கு வந்த காய்ச்சல் படிப்படியாகக் குறைந்தது. உடலின் விழுங்கு செல்களை அவர் முடக்கியதும் காய்ச்சல் திரும்பியது. உள்நச்சை அடையாளம் காணும் டி.எல்.ஆர்.4 ஏற்பியை புரூஸ் பாய்ட்லர் குழு 1998இல் கண்டறியும் வரை, செல் அதை எப்படி அறிகிறது என்பதே தெளிவாகவில்லை. பிறகு ஐராக்-எம், ஏ20 என்று செல்லுக்குள் இருக்கும் தடைகள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. அவற்றின் பட்டியலை நம் மாணவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் கண்ணைத் திறந்தது 2007இல் மெட்சிட்டோவ் குழு வெளியிட்ட ஆய்வு. இரண்டாம் முறை நச்சு வரும்போது மேக்ரோஃபேஜில் எல்லா மரபணுக்களும் அடங்கிவிடுவதில்லை. அழற்சியைக் கிளப்பும் மரபணுக்களில் ஹிஸ்டோன் குறிகள் மாறி, அவை பூட்டப்படுகின்றன. கிருமியைக் கொல்லும் பெப்டைடுகளுக்கான மரபணுக்களோ திறந்தே இருக்கின்றன, சில முன்னைவிட வேகமாகவும் வேலை செய்கின்றன. தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர் நள்ளிரவு ரயிலுக்கு விழிப்பதில்லை. தொட்டிலில் குழந்தை சிணுங்கினால் எழுந்துவிடுவார். அவரைச் செவிடர் என்போமா? ‘சகிப்பு’ என்ற சொல்லில் எனக்கு மனம் ஒப்பாதது இதனால்தான். மேடைக்கு வெளியே நான் ‘பழகிய செல்’ என்றே சொல்வேன். கலைச்சொல் குழுவினர் மன்னிக்க வேண்டும்.

ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தப் பழக்கமே வினையாகிறது. செப்சிஸில் முதல் அழற்சிப் புயலைத் தாண்டிய நோயாளியின் மோனோசைட்டில், கிருமியின் துண்டுகளை மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும் எச்.எல்.ஏ.-டி.ஆர். புரதம் சரிந்து, பல நாட்கள் எழாமல் இருந்தால், அடுத்த தொற்று எளிதில் நுழைந்துவிடும். 2017இல் உலகில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் மருந்துகளை 1990களில் செப்சிஸ் நோயாளிகளிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. புயலில் இருப்பவரையும் புயல் ஓய்ந்து சோர்ந்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே ஊசி போட்டது அதற்கு ஒரு காரணம் என்பது என் கருத்து.

பூட்டு நிரந்தரமல்ல என்பதுதான் ஆறுதல். ஈஸ்ட்டின் செல்சுவரிலுள்ள பீட்டா குளுக்கான் இதைத் திறக்க வல்லது என்று நெத்தர்லாந்தின் நெட்டியா குழுவினர் 2016இல் மனித மோனோசைட்டுகளில் காட்டினார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் திறந்த பூட்டு கட்டிலில் கிடப்பவரிடமும் திறக்குமா என்பதை நாளைய அமர்வு விவாதிக்கட்டும்.

கட்டுரை வழங்குவோரிடம் ஒரு வேண்டுகோள். ‘சகிப்பு ஏற்பட்டது’ என்று மட்டும் எழுதாதீர்கள். எவ்வளவு நச்சு கொடுத்தீர்கள், இரண்டு தடவைக்கும் இடையில் எத்தனை மணி நேரம், எந்த மரபணு அடங்கியது, எது அடங்கவில்லை என்பதைப் படத்தின் ஓரத்திலாவது எழுதிக் காட்டுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.