நடுக்கு வாதமும் மூளையைப் பிடித்த படமும்



கை நடுங்கி, நடை குறுகி, முகம் மரம்போலாகிவிடுகிற ஒரு வியாதியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டவுடன் பூர்வஜென்ம வினை என்பார் ஒருவர். கிரகக் கோளாறு என்பார் மற்றொருவர். அப்படிச் சொல்லிவிட்டால் பிறகு யோசிக்கிற தொல்லை இல்லை அல்லவா? ஆனால், 1817-ல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்கிற வைத்தியர் வினையைத் தேடாமல் நோயாளியைப் பார்த்தார். தெருவில் நடந்து போனவர்களைக்கூடக் கவனித்து எழுதி வைத்தார். அவர் பெயரே இன்று அவ்வியாதிக்குப் பெயர்.

1960-ல் வியன்னாவில் எரிங்கர், ஹார்ணிகேவிச் என்கிற இருவர், இறந்துபோன நோயாளிகளின் மூளையைச் சோதித்து, டோப்பமின் என்கிற சரக்கு அதில் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். மூளைக்குள் போய் டோப்பமினாக மாறுகிற லெவோடோப்பாவை, 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் வாய்வழியாகப் பெரிய அளவில் கொடுத்துப் பலன் கண்டார். இந்த லெவோடோப்பா நமது பூனைக்காலி விதையிலும் உண்டு. அதைப் பிரித்தெடுத்து 1937-ல் வெளியிட்டவர்கள் தாமோதரன், ராமசாமி என்பவர்கள். உடனே "பார்த்தாயா, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்" என்று எழுந்துவிடாதீர்கள்! விதைக்குள் இன்னது இருக்கிறது என்று தெரிந்தது சோதனைச்சாலையிலேதான்.

சரி, மருந்து வந்தது; புதுத் தொல்லையும் கூடவே வந்தது. சில வருஷங்கள் சாப்பிட்ட பிறகு பலருக்கு, மருந்து உச்சத்திலிருக்கும் வேளையில் கை, கால், கழுத்து எல்லாம் தாமாகவே நெளிந்து ஆடும். வீட்டார் பயந்து, பேய் என்று வேப்பிலை அடிக்கிறவனைக் கூப்பிடலாம். அல்லது மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடலாம். முன்னது பணத்துக்குக் கேடு. பின்னது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த ஆட்டம் ஏன் வருகிறது? டோப்பமின் செல்கள் மடை காக்கிறவனைப்போல. அளந்து விடும், மிஞ்சியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அவை சாகச் சாக, பக்கத்திலுள்ள செரட்டோனின் செல்கள் லெவோடோப்பாவை வாங்கி டோப்பமினாக்கி வெளியே விடுகின்றன. ஆனால் அவற்றுக்கு அந்த அளவுக்கோல் கிடையாது. வயல் ஒரு வேளை வெள்ளம், ஒரு வேளை வறட்சி. 2007-ல் ஸ்வீடனில் எலிகளுக்கு அந்தச் செரட்டோனின் செல்களை அழித்துப் பார்த்தார்கள். ஆட்டம் ஏறக்குறைய நின்றுபோயிற்று.

மனிதன் மூளையை அப்படி அழித்துப் பார்க்க முடியுமா? அதற்குத்தான் பெட் என்கிற படம். இருபது நிமிஷத்தில் பாதியாகிவிடும் கதிர்க் கரியை ஒரு மருந்தில் கோத்து ஊசியால் ஏற்றுகிறார்கள். அது செரட்டோனின் ஏற்பிகளில் போய் ஒட்டுவதை வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். 2003-ல் லண்டனில் இவ்விதம் பார்த்ததில், நோயாளிகளின் நடுமூளையில் ஒருவகை ஏற்பி 27 சதவீதம் குறைந்திருந்தது. குறைவு அதிகமானவர்களுக்கு நடுக்கமும் அதிகம். ஆகவே நடுக்கத்துக்கு டோப்பமின் ஒன்றே பொறுப்பல்ல.

2014-ல் அதே லண்டனில், ஆட்டமுள்ளவர்களுக்கு லெவோடோப்பாவுக்குமுன் பஸ்பிரோன் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அது அதே ஏற்பியைத் தொடும் பழைய மனக்கவலை மருந்து. டோப்பமின் வெள்ளமும் ஆட்டமும் குறைந்தன. லேசாக ஆடியவர்களிடம் வெள்ளம் கூடுதலாக அடங்கிற்று.

வெற்றி என்று கொட்டடிக்க வேண்டாம். அதே ஏற்பியை நாடிய சாரிசோட்டான் என்கிற மருந்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய சோதனைகளில் தேறவில்லை. வெற்று மாத்திரை தின்றவர்களே "ஆட்டம் குறைந்தது" என்றார்கள்! திருநீறு பூசிக் குணமானேன் என்கிறவரின் கதையும் இதுதான். வித்தியாசம், இவர்கள் தோற்றதைத் தாங்களே வெளியிட்டார்கள்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், மாத்திரை போட்ட மணியையும் ஆட்டம் தொடங்கி நின்ற மணியையும் ஒரு வாரத்துக்குக் காகிதத்தில் குறித்து, நரம்பு வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அளவையும் வேளையையும் மாற்றியே பலருக்கு ஆட்டத்தைக் குறைக்கலாம். அமாண்டடீன் என்கிற மருந்தும் உண்டு.