கெடாவின் மூன்று கிண்ணப் பருவம்

மலேசிய சூப்பர் லீக் 2004இல் தொடங்கியது. முதல் பட்டம் பகாங்குக்கு, அடுத்தது பெர்லிசுக்கு, அதற்கடுத்தது நெகிரி செம்பிலானுக்கு. நான்காவது பருவமான 2006–07இல் பட்டம் கெடாவுக்கு வந்தது. லீக் பட்டத்தோடு கதை நிற்கவில்லை. எஃப்ஏ கிண்ணமும் மலேசியக் கிண்ணமும் அதே பருவத்தில் கெடாவின் தலைநகரான அலோர் ஸ்டாருக்கு வந்து சேர்ந்தன. நாட்டின் மூன்று பெரிய கிண்ணங்கள், ஒரே பருவம், ஒரே அணி. அடுத்த 2007–08 பருவத்திலும் அதே மூன்றும் அதே அணிக்கே. இரண்டு முறை மூன்று. ஆக மொத்தம் ஆறு. கெடாக்காரர்கள் இந்தக் கணக்கை இன்றும் விரல் விட்டுத்தான் எண்ணிக் காட்டுவார்கள்.

2006–07க்கு முன்பு லீக்கின் அமைப்பே வேறு. முதல் மூன்று பருவங்களில் எட்டு அணிகள்தாம். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளை மும்மூன்று முறை சந்தித்து 21 ஆட்டங்கள் ஆடியது. மூன்று முறை என்றால் ஒருவருக்குச் சொந்தத் திடலில் இரண்டு ஆட்டம், மற்றவருக்கு ஒன்று. அந்த ஓரவஞ்சனை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2006–07இல் அணிகளின் எண்ணிக்கை கூடியது. சொந்தத் திடலில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்ற நேரான கணக்கு வந்தது. புருணையின் டிபிஎம்எம் அணியும் எல்லை தாண்டி வந்து கலந்துகொண்டது. பருவம் முடிந்தபோது கெடா முதலிடம், பேராக் இரண்டாமிடம், டிபிஎம்எம் மூன்றாமிடம்.

கெடா அப்போதுதான் மேலே ஏறி வந்த அணி. அதற்கு முந்தைய 2005–06 பருவத்தை இரண்டாம் நிலையான பிரிமியர் லீக்கில் ஆடி, அங்கே பட்டம் வென்று வந்திருந்தது. புதிதாக ஏறி வரும் அணிகள் பெரும்பாலும் மறுபடியும் கீழே விழாமல் இருப்பதற்கே போராடும். கெடா நேரே உச்சிக்குப் போனது. இதைச் சொல்லாமல் அந்த மூன்று கிண்ணங்களைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. நேற்றுவரை இரண்டாம் நிலையில் ஆடிய அணி, இன்று நாட்டின் எல்லாக் கிண்ணங்களையும் தூக்கியது.

ஆனால் கெடாவுக்குக் காற்பந்து புதிதல்ல. 1987, 1988, 1989 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மலேசியக் கிண்ண இறுதியாட்டத்துக்குப் போய், மூன்றிலும் கோலாலம்பூரிடம் தோற்ற அணி அது. நான்காவது முறையாக 1990இல் போய், சிலாங்கூரை 3–1 என வென்று முதன்முதலாக அந்தக் கிண்ணத்தை வடக்கே கொண்டுவந்தது. 1921இல் தொடங்கிய போட்டி. கெடாவுக்குக் கிடைக்க ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. கெடா ஆட்டக்காரர் ராட்ஸி மாட் டின் பெயரைச் சொன்னால் கண் விரியும் தலைமுறை அது. 1993இல் டச்சுக்காரரான ராபர்ட் அல்பர்ட்ஸ் பயிற்றுநராக இருந்தபோது லீக்கும் மலேசியக் கிண்ணமும் சேர்ந்து கிடைத்தன. பிறகு ஒரு நீண்ட வறட்சி. 1996இல் ஓர் எஃப்ஏ கிண்ணம், அவ்வளவுதான்.

அந்த வறட்சியை முடித்தவர் அஸ்ராய் கோர் அப்துல்லா. உள்ளூர்ப் பயிற்றுநர். வெளிநாட்டுப் பயிற்றுநர் வந்தால்தான் அணி உருப்படும் என்று பல மாநிலச் சங்கங்கள் நம்பிக்கொண்டிருந்த நாள்களில், கெடா தன் ஆளை நம்பியது. அஸ்ராயின் அணியில் மர்மம் எதுவும் இல்லை. பின்வரிசை கலையாது. மத்தியத் திடலில் பந்து அதிக நேரம் தூங்காது. ஓரங்களில் ஓடுகிறவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். முன்னால் ஒருவர் நிற்பார். முன்னால் நின்ற அந்த ஒருவரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும்.

அவர் மார்லன் ஜேம்ஸ். கரீபியக் கடலிலுள்ள செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர். 2007–08 பருவத்தில் சூப்பர் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவர். ஆனால் கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து அவரை அளப்பது பெரிய தவறு. கோலுக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் பழைய வகை ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் அவர். அந்த வகை இன்று நாகரிகத்துக்கு ஒத்துவராததாகக் கருதப்படுகிறது. கோல்காவலரே காலால் குறும்பந்து கொடுத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், ஒன்பதாம் எண்ணே இல்லாமல் ஆட வேண்டும், பந்தை முன்னால் தூக்கி அடிப்பது பாமரத்தனம் என்றெல்லாம் இப்போது பேசுகிறார்கள். தொலைக்காட்சியில் மான்செஸ்டரையும் பார்சிலோனாவையும் பார்த்துவிட்டுப் பத்து வயதுப் பையன்களுக்கு அதையே கற்றுக்கொடுக்கிறார்கள். ஐரோப்பாவின் சமதளப் புல்லில் ஆடுகிற ஆட்டத்தை, மழை பெய்த மாலையில் சேறாகிக் கிடக்கும் திடலில் ஆடச் சொன்னால் பந்து தன் பின்வரிசைக் காலடியிலேயே சிக்கி, எதிரணிக்குக் கோலாகும். வார இறுதிதோறும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

முதுகைக் காட்டி ஆடுகிறவரின் வேலை என்ன? பந்தை வாங்க வேண்டும். பந்தைக் காக்க வேண்டும். பந்தைக் கொடுக்க வேண்டும். கோல் அடிப்பது நான்காவது வேலைதான்.

முதலில் வாங்குவது. பின்வரிசையிலிருந்து நீளமாக வரும் பந்து கண்ணுக்கு எதிரே வருகிறது. இடிக்கப் போகிறவர் முதுகுக்குப் பின்னால் வருகிறார். பந்தைப் பார்க்கிறவருக்கு ஆளைப் பார்க்க முடியாது. அதனால் ஆளைக் கையால் பார்க்க வேண்டும். முன்கையை லேசாக விரித்து, தற்காப்பு ஆட்டக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று உடம்பாலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தள்ளினால் ஃபவுல், தொட்டு உணர்ந்தால் ஃபவுல் இல்லை. இரண்டுக்கும் இடையே இருப்பது மயிரிழை. அந்த மயிரிழையில் நிற்கத் தெரிந்தவர் கையிலிருக்கும் நூலின் இழுப்பை வைத்தே காற்றாடி எங்கே நிற்கிறது என்று சொல்பவரைப் போல.

அடுத்தது காப்பது. பந்து எப்போதும் எதிராளிக்கு எட்டாத காலில் இருக்க வேண்டும். இடப்பக்கம் ஆள் வந்தால் வலக்கால், வலப்பக்கம் வந்தால் இடக்கால். முழங்கால் மடிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்பவரை ஒரு பொடியன்கூடச் சாய்த்துவிடலாம். இரண்டே வினாடிகள் அப்படித் தாங்கினால் போதும். அந்த இரண்டு வினாடிகளில் ஓர் அணி முழுவதும் இருபது அடி முன்னேறிவிடும்.

பிறகு கொடுப்பது. இங்கேதான் நெல்சன் சான் மார்ட்டின் வருகிறார். சிலி நாட்டுக்காரரான அவருக்கு எங்கே வெற்றிடம் திறக்கும் என்ற மோப்பம் இருந்தது. முன்னவர் தாங்கிய பந்தை அடுத்தவர் எதிர்கொண்டு ஓடிவந்து வாங்கினால், எதிரணித் தற்காப்பு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் தடுமாறும். அதே நொடியில் ஓரத்திலிருந்து இளைஞர்கள் உள்ளே பாய்வார்கள். கைரில் முஹைமின், பட்ருல் பக்தியார் போன்ற கெடாப் பையன்கள் இருபது வயதை ஒட்டிய அந்த ஆண்டுகளில் இப்படிப்பட்ட ஆட்டத்தின் நடுவேதான் முதிர்ந்தார்கள். பட்ருலின் ஓரப்பந்துகள் அடுத்த பத்தாண்டுக்கும் மேலாகக் கெடாவுக்குச் சோறு போட்டன. அந்தக் கால்கள் பழகியது, கோல் எதிரே தலையை உயர்த்தி நிற்கும் ஓர் ஆளைக் குறிவைத்து.

வாங்குவது, காப்பது, கொடுப்பது. கேட்பதற்கு எளிது. தோட்டத்து வாலிபர்களுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்த பழைய ஆட்டக்காரர்கள் ரப்பர் ஆலைச் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வரும் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒருவனை நிறுத்தி வாங்கச் சொல்வார்கள். சலித்துப்போய்ப் பாதிப் பையன்கள் ஓடிவிடுவார்கள். மீதி இருந்தவர்கள்தான் பின்னாளில் எஸ்டேட் குழுவின் முன்வரிசையில் நின்றார்கள். கெடாவின் டாருல் அமான் அரங்கத்தில் மார்லன் ஜேம்ஸ் ஆடியதைப் பார்த்து, சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் வந்த பெரியவர்கள் தலையாட்டிச் சிரித்ததற்கு அதுதான் காரணம். அவர்களுக்கு அது பழகிய பாடம்.

தமிழர்களின் காற்பந்து என்று பார்த்தால், கெடாவின் தெற்குப் பகுதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. படாங் செராய், லூனாஸ், பீடோங், கோலக் கெட்டில் வட்டாரத் தோட்டங்களில் லயத்துக்கும் கோயிலுக்கும் பக்கத்திலேயே ஒரு திடல் இருக்கும். பால்மரம் வெட்டி முடித்த மாலை அங்கேதான் கழியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தபோது லயங்களோடு திடல்களும் போயின. மாநில அணிக்குள் தமிழ்ப் பெயர்கள் அருகிப்போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். திறமை வற்றிவிட்டது என்பது வெறும் சோம்பேறித்தனமான பேச்சு. சிலாங்கூரின் கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை நாடே ‘ஸ்பைடர்மேன்’ என்று கொண்டாடிய காலத்தைக் கண்டவர்கள், மூன்று கிண்ண ஆண்டுகளின் கெடா அணியில் வி. திருமுருகனின் பெயரைக் கேட்டபோது நாற்காலியை வானொலிக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

2006–07 பருவத்தின் எஃப்ஏ கிண்ண இறுதியில் கெடாவின் எதிரி பெர்லிஸ். இரண்டும் நெல்வயல் மாநிலங்கள், பக்கத்து வீடுகள். இரு பக்கமும் உறவு வைத்திருந்த குடும்பங்களில் அன்றைக்குச் சமையலறையிலேயே கட்சி பிரிந்தது. மலேசியக் கிண்ண இறுதியில் பேராக். புக்கிட் ஜாலிலில் கெடா 3–0 என வென்றது. லீக்கில் இரண்டாமிடம் பிடித்த அணியை, நாட்டின் பெரிய அரங்கத்தில், மூன்று கோல் வித்தியாசத்தில். லீக் பட்டம் அதிர்ஷ்டத்தால் வந்தது என்று முணுமுணுத்தவர்களுக்கு அதற்குமேல் பதில் தேவைப்படவில்லை.

அதே 2007இன் ஜூலையில் ஆசியக் கிண்ணம் நடந்தது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்னாம் ஆகிய நான்கும் சேர்ந்து ஏற்று நடத்தின. அதே புக்கிட் ஜாலில் அரங்கத்தில் மலேசியா சீனாவிடம் 5–1, உஸ்பெகிஸ்தானிடம் 5–0, ஈரானிடம் 2–0 எனத் தோற்று வெளியேறியது. நாட்டின் காற்பந்து படுத்துக் கிடந்த ஆண்டிலேயே கெடாவின் காற்பந்து எழுந்து நின்றது. இந்த முரணை வைத்து, உள்நாட்டு லீக் தரமற்றது, அதனால்தான் கெடா மூன்றையும் வென்றது என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதம் நிற்காது. எல்லா அணிகளும் ஆடியது ஒரே லீக்கில்தான். தரம் தாழ்ந்திருந்தால் அது பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் சேர்த்துத்தான் தாழ்ந்திருந்தது.

அடுத்த பருவம் இன்னும் கடினமானது. ஒருமுறை வென்றவனை எல்லாரும் படித்து வைத்திருப்பார்கள். முன்னால் நிற்கும் ஒருவருக்கு இரண்டு பேர் காவல் போட்டார்கள். இரண்டு பேர் அவரிடம் போனால் இன்னொருவர் தனித்து நிற்பார் என்பதுதான் கணக்கு. கெடா அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டது. லீக் மீண்டும் வந்தது. எஃப்ஏ கிண்ணம் சிலாங்கூரை வென்று வந்தது. 2008 ஆகஸ்டு இறுதியில் மலேசியக் கிண்ணமும் அதே சிலாங்கூரை 3–2 என வீழ்த்தி வந்தது. வாங்குவது, காப்பது, கொடுப்பது: இரண்டாம் ஆண்டும் அதே பாடம்தான்.

பிறகு மலேசியக் காற்பந்துச் சங்கம் 2009 பருவத்திலிருந்து இறக்குமதி ஆட்டக்காரர்களுக்குத் தடை போட்டது. உள்ளூர்த் தாக்குதல் ஆட்டக்காரர்கள் வளர இடம் வேண்டும் என்பது காரணம். தடை மூன்று பருவங்கள் நீடித்து 2012இல் விலகியது. அந்த ஆண்டுகளில்தான் கே. ராஜகோபால் பயிற்றுவித்த இளையோர் அணி 2009இல் வியந்தியானில் சீ விளையாட்டுத் தங்கத்தை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வென்றது. 2010இல் தேசிய அணி ஆசியான் கிண்ணத்தையும் வென்றது. தடையின் ஆதரவாளர்கள் இவ்விரண்டையும் சாட்சியாகக் காட்டுவார்கள். ஆனால் 2009இன் தங்கத்தில் பங்கிருந்த பட்ருல் பக்தியார் ஆட்டம் பழகியது தடைக்கு முந்தைய கெடாவில், வெளிநாட்டவர் தோளோடு தோள் உரசி. வலுவானவரோடு ஆடித்தான் வலு வரும். தடையால் அதிகம் இழந்தது, முன்னால் நிற்கும் ஒருவரைச் சுற்றி அணியைக் கட்டியிருந்த கெடாதான். 2010 எஃப்ஏ கிண்ண இறுதிவரை போய், நெகிரி செம்பிலானிடம் பெனால்டியில் தோற்றது.

பின்னர் எழுந்த ஜொகூர் டாருல் தாக்சிம் அணி 2014 முதல் சூப்பர் லீக்கை விட்டுக்கொடுத்ததே இல்லை. 2022இலும் 2023இலும் மூன்று கிண்ணங்களையும் வென்று கெடாவின் சாதனையைச் சமன் செய்தது. பணமும் பயிற்சிக்கூடமும் நிர்வாகமும் ஒன்றுசேர்ந்த அணி. குறை சொல்ல ஏதுமில்லை. ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஜொகூரின் வெற்றி எதிர்பார்க்கப்பட்ட வெற்றி. கெடாவின் வெற்றி, இரண்டாம் நிலை லீக்கிலிருந்து வந்த மறு ஆண்டே கிடைத்தது.

கெடா அந்த ஆறு கிண்ணங்களுக்குப் பின்னர் மீண்டும் இரண்டாம் நிலைக்கு இறங்கி, 2015இல் பிரிமியர் லீக்கை வென்று ஏறியது. 2016 மலேசியக் கிண்ணத்தை ஷா ஆலாமில் சிலாங்கூரிடமிருந்து பெனால்டியில் பறித்தது. 2017இலும் 2019இலும் எஃப்ஏ கிண்ணம் கிடைத்தது. சூப்பர் லீக் பட்டம் மட்டும் 2007–08க்குப் பிறகு அலோர் ஸ்டாருக்கு வரவில்லை. சம்பள பாக்கிகளும் நிர்வாகச் சிக்கல்களும் குவிந்து, 2025–26 பருவத்துக்கான உரிமமும் அணிக்குக் கிடைக்காமல் போனது.