மெடல் கிடைக்காத தோள்கள்



ஷ்வேப்யிதாவில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்பில் ஒருநாள் பழைய போர்ப் பதக்கம் ஒன்றின் படத்தைக் காட்டினேன். ஒரு பையன் கேட்டான்: "மாமா, உங்க தாத்தாவுக்கு மெடல் இருக்கா?" என் தாத்தா 1942இல் தன் தாயை முதுகில் சுமந்துகொண்டு ரங்கூனிலிருந்து இந்திய எல்லைவரை நடந்தவர். போர் முடிந்து திரும்பி வந்தவர். மெடல் எதுவும் இல்லை. அவனுக்குச் சொன்ன கதையையே உங்களுக்கும் சொல்கிறேன்.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. நேட்டாலில் வக்கீலாக இருந்த காந்தி, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல இந்தியர்களைத் திரட்டினார். சுமார் 1,100 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 300 பேர்தான் ஒப்பந்தத்தில் கட்டுப்படாதவர்கள். மற்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். சில நாட்களில் டோலியைத் தோளில் வைத்து 20, 25 மைல் நடந்தார்கள். ஆறு வாரத்தில் படை கலைந்தது. போர்ப் பதக்கம் கிடைத்தது தலைவர்களுக்கு. அவர்கள் நாற்பது பேர்கூட இல்லை.

1906இல் நேட்டால் அரசு தலைவரி வசூலிக்கத் தொடங்கியது. ஜூலு மக்கள் கிளர்ந்தார்கள். காந்தி மறுபடியும் 24 பேர் கொண்ட சிறு படையோடு போனார். அவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்த தென்னிந்தியர். சவுக்கடி பட்ட ஜூலுக்களின் புண்ணைக் கழுவ வெள்ளையர்கள் முன்வரவில்லை. நம்மவர்கள்தான் கழுவி மருந்திட்டார்கள்.

இந்த இரண்டு போர்களுக்கும் கிடைத்த பதக்கங்களைக் காந்தி 1920 ஆகஸ்ட் 1 அன்று வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். அவரிடம் திருப்பிக் கொடுக்கவாவது ஒன்று இருந்தது. போயர் போரில் டோலி சுமந்த கூலிகளுக்கு அதுவும் இல்லை.

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பற்று எழுதிவிட்டு வரவு எழுதாமல் விட்டால் பேரேடு ஒத்துவராது. அந்த 1,100 பேரின் உழைப்பு எழுதப்பட்டது. பெரும்பாலோர் பெயர் எழுதப்படவில்லை. நம் குடும்பங்களிலும் அதே குறைதான். 1942இல் நடந்தவர்கள் பலர் போய்விட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். யார் நடந்தார்கள், எந்த வழியாகப் போனார்கள், யாரைச் சுமந்தார்கள் என்று கேளுங்கள். பெயரோடு, ஊரோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். என் வீட்டு நோட்டில் முதல் பக்கம் தாத்தாவுக்கு. அவர் சுமந்த பாட்டியின் பெயரை என் அத்தையிடம் கேட்டுத்தான் எழுதினேன். அதுவரை எனக்கே தெரியாது.