கொப்பியிலுள்ள எண்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் நீரிழிவுக்கு மருந்தெடுப்போரே! உங்கள் கிளினிக் கொப்பியில் எழுதப்படும் எண்ணின் பொருளைக் கேட்டறிந்தீர்களா? வெறும் வயிற்றில், ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் சீனி 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பது மீண்டும் உறுதியானால் அது நீரிழிவாகும். எண் குறைந்ததும் நோய் நீங்கிற்றென்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதைக் குறைத்ததில் மாத்திரைக்கும் பங்குண்டு.

உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. புண் முற்றினால் காலையே இழக்க நேரிடும். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் வெறுங்காலுடன் செல்லாதீர்கள். இரவுதோறும் பாதங்களைப் பாருங்கள்.

வீட்டில் 35 வயதைக் கடந்தோரை அரச சுகவாழ்வு நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள், பரிசோதனை இலவசம். ரமழானுக்கு முன்பே வைத்தியரை நாடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது. உடலும் ஓர் அமானிதமே.