முறையறிந்து உதவுவோம்



கைத்தொலைபேசியில் விக்கிப்பீடியாவை வாசிக்க உதவும் அன்ட்ரொயிட் செயலியை நம்மிற் பலர் அறிவர். அதன் மூலநிரல் மறைபொருளன்று. அப்பாச்சி உரிமத்தின்கீழ் கிட்ஹப் தளத்தில் யாவரும் காண வைக்கப்பட்டுள்ளது. ஆயினும், திறந்த வீடென்று முறையின்றி நுழைதல் ஆகாது.

பல்கலைக்கழக மாணவராகிய நாங்கள் சிலர், இத்தகைய வேறொரு செயலிக்குப் பத்துத் திருத்தங்களை ஒரே பொதியாக அனுப்பினோம். முன்னர் எவரையும் உசாவவில்லை. அது ஏற்கப்படாது திரும்பியது. மனம் நொந்தோம். அவர்களுடைய வழிகாட்டுக் குறிப்பைப் பின்னர் வாசித்தபோதே பிழை எங்களுடையதென உணர்ந்தோம்.

கற்றவை மூன்று. முதலாவது, கண்ட குறையை வேறெவரும் முன்னரே அறிவித்தனரோ எனத் தேடுக; இல்லையேல், செயலியின் பதிப்பு, தொலைபேசியின் வகை, குறை தோன்றிய விதம் ஆகியவற்றை எழுதுக. இரண்டாவது, ஒரு திருத்தம் ஒரு குறையை மட்டுமே தீர்ப்பதாகுக. மூன்றாவது, பரிசீலிப்போர் கூறும் பிழைகளை ஆசிரியரின் சிவப்பு மைபோல் ஏற்றுக்கொள்க.

நிரலெழுத அறியாத பெரியோர்க்கும் இதிற் பணியுண்டு. விக்கிப்பீடியாச் செயலியின் சொற்கள் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் தன்னார்வலரால் மொழிபெயர்க்கப்படுகின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் வாயிலில் பிழைத்தமிழ் நிற்றல் நமக்கு அழகன்று. பெரியோர் நற்சொல் தருக. இளைஞர் அதனைப் பதிக. இடையே இலக்கமும் பெயரும் வந்து அமர்வதற்கான குறியீடுகளை மாத்திரம் சிதையாது விடுக.

இக்கிழமையே ஆளுக்கொரு சொல்லைத் திருத்துவோமாக!