காரணம் கூறாத மறுப்பு



தண்டனைக் குறைப்பு மறுக்கப்பட்ட ஆயுள் கைதி எங்ஙனம் முறையிடுவது என்னும் பொருளை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு என்று ஊரில் வழங்கும் எண்ணத்துக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. அது ஆயுட்காலம் முழுமைக்கும் உரியது என்று 1961-இல் கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 433-ஏ பிரிவோ, மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவர் 14 ஆண்டு கழியுமுன் தண்டனைக் குறைப்பால் வெளிவரலாகாது என்று தடுத்ததேயன்றி, அதன்பின் விடுதலை நிச்சயம் என்று வாக்களிக்கவில்லை.

ஆகவே முன்விடுதலை கைதியின் உரிமையன்று. ஆயினும் தம் கோரிக்கை நியாயமாகப் பரிசீலிக்கப்பட வேண்டுமென்பது உரிமையே. அரசாங்கம் மறுக்குமாயின், தீர்ப்பின்மேல் உள்ளது போன்ற மேல்முறையீடு இதற்கு வகுக்கப்படாமையால், அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி அவர் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை வேண்ட வேண்டும். அங்கே முதன்மையாக ஆராயப்படுவது கைதி திருந்திவிட்டாரா என்பதன்று, மறுத்தவர் நெறிப்படி மறுத்தாரா என்பதே. ஆணையில் காரணமே இராவிடில் ஆராய்வதற்குத்தான் என்ன இருக்கிறது?

சத்தீஸ்கர் மாநிலத்து ஆயுள் கைதி ஒருவர் விஷயத்தில் நேர்ந்தது இதுவே. தண்டித்த நீதிமன்றத்தின் அபிப்பிராயம் கேட்கப்பட்டபோது, எல்லாவற்றையும் கருதுமிடத்து விடுவித்தல் உசிதமன்று என்னும் அளவில் விடை வந்தது. மீண்டும் குற்றம் நிகழக்கூடுமா, சிறையிருப்பால் இனிப் பயனுண்டா, குடும்பத்தின் நிலை யாது என 2000-இல் லட்சுமண் நஸ்கர் வழக்கில் வகுக்கப்பட்ட வினாக்களில் எதற்கும் அதில் விடையில்லை. 2022-இல் உச்ச நீதிமன்றம், தகுந்த காரணங்களுடன் புதிய அபிப்பிராயம் தருக என்று திருப்பி அனுப்பிற்று. குற்றத்தின் கொடுமை காலத்தால் மாறாதது. அதனை மட்டுமே காரணமாகக் கொண்டால் 14-ஆம் ஆண்டில் கிடைக்கும் விடையே 40-ஆம் ஆண்டிலும் கிடைக்கும், பரிசீலனை என்பது வெறும் சடங்காகிவிடும்.

குற்றத்தால் உற்றாரை இழந்தவர்களின் துயரை இவ்வாறு காரணம் கோருவது புறக்கணிப்பதாகாதா என்று சிலர் வினவலாம். ஆணையை நீதிமன்றம் ஆராயும் நெறி அவர்களுக்கும் அரணே. 2002 குஜராத் கலவரக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட 11 பேருக்கு அம்மாநில அரசு அளித்த விடுதலையை, அதற்கு அவ்வரசு அதிகாரம் பெற்றதன்று என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, பாதிக்கப்பட்டவரே வழக்கிட்டதனாலன்றோ?

தண்டனைக் குறைப்பை அளிக்கும் ஆணையாயினும் மறுக்கும் ஆணையாயினும் சுருக்கமாகவேனும் காரணம் கூற வேண்டும், அதனைக் கைதிக்கு உடனே அறிவிக்க வேண்டும், எதிர்த்து முறையிட அவருக்குள்ள உரிமையையும் உணர்த்த வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அந்நீதிமன்றம் விதித்துள்ளது. இனி இவ்விதி ஒவ்வொரு சிறை அலுவலகத்திலும் நடைமுறையாக வேண்டும். மறுக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும். வாய் திறவாமல் மறுக்கும் சுதந்திரம் எவருக்கும் வேண்டாம் என்பதே என் துணிபு.